ஃபைனல்ஸில் ஒரு நம்பர் ஒன் பிக்கைக்கூடக் காணோம்: என்பிஏ டிராஃப்ட்டை எப்படித்தான் நம்புவது?

கடைசிக் குவார்ட்டர்:

அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவில் அணிகள் புதுப் பையன்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2025 டிராஃப்ட் முடிந்த கையோடு எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. கூப்பர் ஃபிளாக் நம்பர் ஒன் பிக்காக, அதாவது முதல் ஆளாக, டல்லஸுக்குப் போய்விட்டார், இனி பத்து வருஷத்துக்கு டல்லஸ் ராஜ்யம்தானாம். பையன் ஆட்டம் எனக்கும் பிடிக்கும். ஆனால் டிராஃப்ட்டுக்கு மூன்று நாள் முன்னால் முடிந்த ஃபைனல்ஸை அதற்குள் மறந்துவிட்டோமா?

ஓக்லஹோமா சிட்டி, இண்டியானா இரண்டுக்கும் வழக்கமாக முதலில் இறங்கும் பத்துப் பேரையும் டிராஃப்ட் நம்பரோடு எழுதிப் பார்த்தேன். ஓக்லஹோமாவில் செட் ஹோம்கிரென் 2, ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் 11, ஜேலன் வில்லியம்ஸ் 12, ஹார்டன்ஸ்டைன் 43. லூ டோர்ட்டை யாருமே எடுக்கவில்லை. இண்டியானாவில் மைல்ஸ் டர்னர் 11, ஹாலிபர்ட்டன் 12, நெஸ்மித் 14, சியாகம் 27, நெம்ஹார்ட் 31. ஆக, பத்துப் பேரில் முதல் பத்து இடத்துக்குள் வந்தவர் ஹோம்கிரென் ஒருத்தர்தான்.

எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது, அதன் கதையும் அதேதான். 2013-ல் லெப்ரான் வாங்கியதற்குப் பிறகு 2025 வரை எந்த நம்பர் ஒன் பிக்கும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. டுரான்ட் 2, கரி 7, வெஸ்ட்புரூக் 4, ஹார்டன் 3, யானிஸ் 15, யோகிச் 41, எம்பீட் 3, 2025-ல் ஷே 11.

யோகிச்சைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 டிராஃப்ட்டில் அவர் பெயர் வந்த நேரத்தில் அமெரிக்க டிவியில் டாகோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் ஒரு பட்டையில் பெயர் வந்து போனது, அவ்வளவுதான். இன்றைக்கு அவரிடம் மூன்று எம்விபி, ஒரு சாம்பியன்ஷிப். அவரை எடுத்த டென்வர்க்காரர்கள் கழுகுக்கண் படைத்தவர்கள் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அதே இரவில் யோகிச்சுக்கு முன்னாடியே கூடைக்குப் பக்கத்தில் ஆடுகிற இன்னொரு உயரமான ஆளை (சென்டர்), நுர்கிச்சை, பிடித்துப் போட்டவர்கள்தான் அவர்கள்.

ஸ்கவுட், வீடியோ, மெடிக்கல், நேர்காணல் என்று பணத்தைக் கொட்டுகிற முப்பது அணிகளுக்கு ஒரு இளைஞனின் எதிர்காலம் ஏன் தெரிய மாட்டேன் என்கிறது? பார்க்கத் தெரியவில்லையா, பார்க்கவே முடியாத விஷயமா?

போஸ்ட்அப் பாண்டி:

வாங்க தல. பார்க்கத் தெரியல, அவ்ளோதான். 1984-ல போர்ட்லேண்ட் ரெண்டாவது பிக்ல சாம் போவியை எடுத்துச்சு. மூணாவது பிக்ல சிகாகோ எடுத்த ஆள் பேரு மைக்கேல் ஜோர்டன். அதுக்கு மேல இந்த இழைக்கு என்ன வேணும்? பூட்டிடலாம்.

கணக்குப்புள்ள:

பூட்ட வேண்டாம் பாண்டி, ஒரு நிமிஷம்.

நம்பர் ஒன் என்பது வருஷத்துக்கு ஒரே ஒரு ஆள். மீதி எல்லா இடங்களையும் சேர்த்தால் அறுபதுக்குக் கொஞ்சம் குறைவு. டிராஃப்ட்டில் பெயரே வராதவர்கள் இன்னும் எத்தனையோ பேர். இத்தனை பேரில் ஒருத்தர் எம்விபி ஆவதற்கும், அந்த ஒரு ஆளே எம்விபி ஆவதற்கும் போட்டி வைத்துவிட்டு, "பார்த்தாயா, நம்பர் ஒன் தோற்றுவிட்டது" என்றால் எப்படி?

ஒலாஜுவான், டேவிட் ராபின்சன், ஷக், ஐவர்சன், டங்கன், லெப்ரான் எல்லாரும் நம்பர் ஒன் பிக்குகள்தான். முதல் இடத்திலிருந்து பத்தாவது இடம் வரை சராசரி மதிப்பு சரசரவென்று இறங்கும், அதற்குப் பிறகு கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். ஆக, அணிகளுக்கு ஏதோ தெரியத்தான் செய்கிறது.

நாற்பத்தொன்றில் யோகிச் கிடைத்தார், சந்தோஷம். வேறு எந்த வருஷமாவது 41-வது இடத்தில் எடுத்தவர் பெயரை யோசிக்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.

போஸ்ட்அப் பாண்டி:

...

அடுத்த கேள்விக்குப் போவோம்.

கடைசிக் குவார்ட்டர்:

கணக்கு, சராசரியை நான் மறுக்கவே இல்லை. ஆனால் ஜூன் மாசம் ஒரு ஜெனரல் மேனேஜர் எடுப்பது சராசரியை இல்லையே, ஒரு ஆளைத்தானே. 2013-ல் கிளீவ்லாண்டுக்கு நம்பர் ஒன் கிடைத்தது. எடுத்தது ஆந்தனி பென்னட். மொத்தமே 151 ஆட்டம் ஆடினார், கதை முடிந்தது. அதே வருஷம் பதினைந்தாவதாக யானிஸ், இருபத்தேழாவதாக கோபேர். கிளீவ்லாண்ட் ரசிகனிடம் போய் "சராசரியாகப் பார்த்தால் நம்பர் ஒன் நல்ல இடம்தான்" என்று சொல்லிப் பாருங்கள்.

ரீபவுண்ட் ராணி:

ரெண்டு பேருமே பையனைப் பற்றியே பேசுகிறீர்கள். அவன் போய்ச் சேருகிற இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் சொல்லித் தருகிறவள், என்பிஏ அளவுக்கெல்லாம் கிடையாது. ஆனால் ஒன்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எட்டாவதில் நெடுநெடுவென்று நிற்கிற பெண்ணைத்தான் எல்லா டோர்னமென்ட்டிலும் கேட்பார்கள். பன்னிரண்டாவது வரும்போது, பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்ற குட்டைப் பெண் ஒருத்திதான் டீமைத் தூக்கி நிறுத்தியிருப்பாள். நடுவில் அவளுக்கு யார் நேரம் கொடுத்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

யானிஸை எடுத்துக்கொள்ளுங்கள். டிராஃப்ட் ஆனபோது ஆடிக்கொண்டிருந்தது கிரேக்க நாட்டின் இரண்டாம் டிவிஷனில், ஃபிலத்லிதிகோஸ் என்ற சின்ன கிளப்புக்கு. பதினெட்டு வயசு, ஒல்லிக்குச்சி. டிராஃப்ட்டுக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருந்தார். அவரை எடுத்த மில்வாக்கி அந்த சீசனில் 15 ஆட்டம் ஜெயித்து 67 தோற்றது. அவ்வளவு மோசமான அணி என்பதால் பத்தொன்பது வயசுப் பையனைக் களத்தில் விட்டார்கள். தப்புப் பண்ணினால் என்ன, தோற்கத்தானே போகிறோம் என்ற நிலைமை. 2021 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டத்தில் அவர் அடித்த 50 பாயிண்டுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

இப்போது 2003. டார்கோ மிலிசிச்சுக்கும் பதினெட்டு வயசு, டிராஃப்ட்டுக்குச் சில நாள் முன்னால்தான் பதினெட்டு முடிந்திருந்தது. ரெண்டாவது பிக். போய்ச் சேர்ந்தது டெட்ராய்ட், அதே சீசனில் சாம்பியன் ஆன அணி. கோச் லாரி பிரவுனுக்கு ஜெயிக்க வேண்டும், சின்னப் பையனை வைத்துப் பாடம் நடத்த நேரமில்லை. பெஞ்சிலேயே காலம் போனது. அவருக்குப் பின்னால் வந்த மூன்று பேர் கார்மெலோ, பாஷ், வேட் என்பதால் ஊரே சிரித்தது. அவரே யானிஸ் ஆகியிருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் டார்கோவை மில்வாக்கி மாதிரி ஓர் அணியிலும் யானிஸை அந்த டெட்ராய்ட்டிலும் போட்டிருந்தால் நாம் இன்றைக்கு இதே கதையைச் சொல்லிக்கொண்டிருப்போமா?

லேட்நைட் லேக்கர்:

அக்கா, மரியாதையோட மறுக்கிறேன். கோபி எந்த ஊருக்குப் போயிருந்தாலும் கோபிதான். 1996, பதிமூணாவது பிக், சார்லட் எடுத்து விளாடே டிவாச்சுக்காக லேக்கர்ஸுக்குக் கொடுத்துட்டாங்க. அப்போ கோபிக்குப் பதினேழு வயசு. பன்னெண்டு பேரு வேண்டாம்னு போன பையனை லேக்கர்ஸுக்கு ஆள் எடுத்த ஜெர்ரி வெஸ்ட் மட்டும் எப்படிக் கண்டுபிடிச்சார்? ரிட்டயர் ஆன மைக்கேல் கூப்பரை எதிர்ல நிறுத்தி ஒர்க்அவுட் வெச்சார். கூப்பர்னா ஒரு காலத்துல லீக்லயே பெஸ்ட் டிஃபெண்டர். அவரையே அந்த ஸ்கூல் பையன் திணற வெச்சான். வெஸ்ட்டுக்கு அது போதுமா இருந்துச்சு.

ஆக, பார்க்கத் தெரிஞ்சவன் பார்த்துட்டான். பார்க்கவே முடியாத விஷயம்னு சொல்லாதீங்க.

கடைசிக் குவார்ட்டர்:

அதே ஜெர்ரி வெஸ்ட் 2003-ல் எங்கே இருந்தார் என்று சொல்லட்டுமா? மெம்ஃபிஸில், தலைவராக.

டிராஃப்ட்டில் எந்த அணிக்கு எந்த இடம் என்று குலுக்கிப் பார்க்கிற லாட்டரி அறையில் உறைகள் ஒவ்வொன்றாகத் திறந்து கடைசியில் ரெண்டு அணிதான் மிச்சம்: கிளீவ்லாண்ட், மெம்ஃபிஸ். முதல் இடம் வந்தால் மெம்ஃபிஸுக்கு லெப்ரான். ரெண்டாம் இடம் வந்தால் ஒன்றுமே இல்லை. ஏனென்றால் ஓட்டிஸ் தார்ப் என்ற ஆளை வாங்க 1997-ல் செய்த ட்ரேடில், நம்பர் ஒன்னாக இல்லாவிட்டால் பிக் டெட்ராய்ட்டுக்குப் போய்விடும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். உறையைத் திறந்தார்கள். மெம்ஃபிஸ் ரெண்டாவது. வெஸ்ட்டின் கண் அன்றைக்கு என்ன செய்யும்? லெப்ரானைக் கண்டுபிடிக்கக் கண்ணே வேண்டாம், தெருவில் போகிறவனுக்கும் தெரியும். ஆனால் கிடைக்கவில்லை.

அந்த ரெண்டாவது பிக்தான் ராணி சொன்ன டார்கோ.

போஸ்ட்அப் பாண்டி:

அடேயப்பா. ஒரே பிக்ல ரெண்டு ஊருக்கு ஏழரை.

கணக்குப்புள்ள:

லாட்டரி பேச்சு வந்ததால் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தில் 14 பந்துகள், அதிலிருந்து நான்கு எடுப்பார்கள். 1001 சேர்க்கைகள் வரும், ஒன்றை ஒதுக்கிவிட்டு ஆயிரத்தை 14 அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2019-ல் கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீதம் என்று ஆக்கினார்கள். வேண்டுமென்றே தோற்பதைக் குறைக்க வந்த மாற்றம் அது.

2025-ல் டல்லஸின் வாய்ப்பு 1.8 சதவீதம். லீக்கிலேயே அதிகம் தோற்ற யூட்டா ஐந்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. 1993-ல் ஆர்லாண்டோ 66 பந்தில் ஒரே பந்தை வைத்துக்கொண்டு முதல் இடம் வாங்கியது. 2008-ல் சிகாகோ, 2014-ல் கிளீவ்லாண்ட் இரண்டும் 1.7 சதவீதத்தில் ஜெயித்தவை. ஆளைத் தேர்ந்தெடுப்பது அப்புறம். எந்த வருஷம் எந்த இடம் வரும் என்பதே பாதி விதி.

பெஞ்சுக் குமார்:

பிப்ரவரியில் தன் நட்சத்திரமான டோன்சிச்சைக் கொடுத்துவிட்டு மே மாசம் லாட்டரியில் ஜெயித்த அணி டல்லஸ். இதற்கு மேல் எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுத மாட்டான்.

டோன்சிச் என்றதும் ஞாபகம் வருகிறது. அவரை 2018-ல் விட்ட கதை எனக்கு இன்னும் புரியவில்லை. பத்தொன்பது வயசில் ரியல் மாட்ரிட்டுக்காக ஐரோப்பிய கிளப்புகளின் யூரோலீக் கோப்பை, யூரோலீக் எம்விபி. இதற்கு மேல் ஒரு பையன் என்ன நிரூபிக்க வேண்டும்? நம்பர் ஒன் வைத்திருந்த ஃபீனிக்ஸின் புதுக் கோச் இகோர் கோகோஷ்கோவ். அதற்கு முந்தின வருஷம்தான் ஸ்லோவேனியா கோச்சாக இருந்து, டோன்சிச்சை ஆட வைத்தே ஐரோப்பிய நாடுகளின் யூரோபாஸ்கெட் போட்டியை ஜெயித்தவர். அப்படிப்பட்ட ஆள் உள்ளே இருந்தும் ஃபீனிக்ஸ் எடுத்தது ஏய்ட்டனை. அடுத்தது சாக்ரமெண்டோ, அங்கே முடிவெடுப்பவர் செர்பியாக்காரர், ஐரோப்பிய ஆட்டம் அத்துப்படி. எடுத்தது மார்வின் பாக்லியை. அந்த செர்பியாக்காரர் யாரென்றால், லேக்கர் தம்பி மேலே சொன்ன அதே விளாடே டிவாச்.

லேட்நைட் லேக்கர்:

கோபிக்குப் பதிலா போனவரே டோன்சிச்சையும் விட்டாரா! இப்போ அந்த டோன்சிச் எங்க ஆளு. டிவாச் வாழ்க.

ரீபவுண்ட் ராணி:

இது முக்கியமான உதாரணம் குமார். தெரியாமல் விட்டது வேறு, தெரிந்தும் விட்டது வேறு. டோன்சிச்சைப் பற்றித் தகவல் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. வேகம் போதாது, மேலே எழும்ப மாட்டார், உடம்பைப் பார்த்துக்கொள்ள மாட்டார் என்று சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகங்களில் பொய் ஒன்றும் இல்லை. அவர் வேகமானவர் இல்லைதான். ஆனால் வேகமே இல்லாமல் எதிராளியை நிறுத்தி, தோளில் சாய்த்து, அவன் காலை எடுத்து வைக்கிற நேரம் பார்த்துப் பின்னால் ஒரு எட்டு வைத்து ஷாட் போடுகிறாரே, அதை எந்தக் கம்பைனில் அளப்பது?

கம்பைன் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சிகாகோவில் கூட்டி வைத்து உயரம், கை நீளம், எவ்வளவு எம்புகிறான் என்று எல்லாவற்றையும் எடுப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு அணியும் கூப்பிட்டு நேர்காணல். பெண் பார்க்கப் போய் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டு அரை மணி நேரத்தில் குணம் கண்டுபிடிக்கிற மாதிரிதான். 2007 கம்பைனில் கெவின் டுரான்ட்டால் 185 பவுண்டு பாரை ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை. அதை வைத்து எவ்வளவு கேலி! கைக்கு மேலே கை வைத்தாலும் எட்டாத உயரத்திலிருந்து ஷாட் போடுகிறவன் எதற்கு பெஞ்ச் பிரஸ் பண்ண வேண்டும்?

போஸ்ட்அப் பாண்டி:

2007-ல நம்பர் ஒன் யாரு? கிரெக் ஓடன். எடுத்தது யாரு? மறுபடியும் போர்ட்லேண்ட். விட்டது யாரை? டுரான்ட்டை. நான் சொன்னேன்ல, அந்த ஊர்க்காரங்களுக்குக் கண்ணே இல்ல.

ரீபவுண்ட் ராணி:

பாண்டி தம்பி, போர்ட்லேண்டைக் கொஞ்சம் விடு. 2007-ல் பெரும்பாலான அணிகள் ஓடனைத்தான் எடுத்திருக்கும். அந்த செப்டம்பரிலேயே முட்டியில் மைக்ரோஃபிராக்சர் ஆபரேஷன், முதல் சீசன் முழுக்கப் போனது. போர்ட்லேண்டுக்கு மொத்தம் 82 ஆட்டம், அதாவது ஒரே ஒரு சீசன் அளவு. ஆடிய நாட்களில் நன்றாகவே ஆடினார்.

1984-லும் அவர்கள் முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. முந்தின வருஷம்தான் கிளைட் டிரெக்ஸ்லரை எடுத்திருந்தார்கள். ஆல்-ஸ்டார் ஜிம் பாக்ஸன் அதே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார். ஜோர்டனும் அதே இடம். இல்லாதது சென்டர். போவி கென்டக்கியில் கால் எலும்பு முறிந்து ரெண்டு சீசன் முழுசாக ஆடாமல் இருந்தவர் என்பதால் மணிக்கணக்கில் மருத்துவப் பரிசோதனையும் செய்தார்கள். பல வருஷம் கழித்து போவியே வெளியில் சொன்னார்: டாக்டர் காலைத் தட்டியபோது வலித்தது, வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன் என்று. வீட்டுக்கு ஒரு வருமானம் வேண்டும் என்று நிற்கிற பையன் வேறென்ன சொல்வான்?

தேவை பார்த்து எடுத்தார்கள், அதுதான் அவர்களுடைய தப்பு. அடுத்த சீசனுக்கு எந்த இடம் காலி என்று பார்த்துப் பதினைந்து வருஷத்துக்கு ஆள் எடுத்தார்கள்.

கணக்குப்புள்ள:

இதற்கு நேர் எதிராக ஒரு உதாரணம்: எம்பீட். 2014 டிராஃப்ட்டுக்கு முன்னாலேயே பாத எலும்பு முறிவு, முதல் ரெண்டு சீசன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அப்போது யாராவது இந்த மாதிரி இழை திறந்திருந்தால் ஓடன் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதியிருப்போம். 2023-ல் எம்பீட் எம்விபி. ஓடன், எம்பீட் ரெண்டு பேருக்கும் பெரிய உடம்பு, எலும்பில் சந்தேகம். ஒருத்தர் எழுந்தார், ஒருத்தர் எழவில்லை. முன்கூட்டியே பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடிந்திருக்காது.

பெஞ்சுக் குமார்:

காயமே இல்லாத மர்மமும் உண்டு. மார்கெல் ஃபுல்ட்ஸ், 2017. நம்பர் ஒன் யார் என்பதில் அந்த வருஷம் பெரிதாகச் சண்டையே இல்லை. காலேஜில் மூன்று பாயிண்ட் ஷாட்டில் நாற்பது சதவீதத்துக்கு மேல். ஃபிலடெல்ஃபியா அவருக்காகவே பாஸ்டனிடம் தன் மூன்றாவது பிக்கையும் பின்னால் வரும் இன்னொரு முதல் சுற்று பிக்கையும் கொடுத்து மேலே ஏறி வந்தது. அப்புறம் ஷாட் காணாமல் போனது. ஃப்ரீ த்ரோ லைனில் நின்று பந்தைத் தூக்குவார், நெற்றிக்கு நேரே கை ஒரு கணம் நின்றுவிடும், பிறகு தள்ளுவார். பார்க்கவே சங்கடமாக இருக்கும். மனசா, தோளா என்று ஒரு வருஷத்துக்கு மேல் சண்டை. 2018 டிசம்பரில் தோள் பக்கத்து நரம்புப் பிரச்சினை என்று பெயர் வைத்தார்கள்.

கீழே இறங்கிய பாஸ்டன் மூன்றாவதாக எடுத்தது ஜேசன் டேட்டம். 2024 சாம்பியன்.

கடைசிக் குவார்ட்டர்:

அப்படியானால் என் கேள்விக்கு விடை "பார்க்க முடியாத விஷயம்" என்றுதானே ஆகிறது? பத்தொன்பது வயசு ஆளிடம் இன்றைக்கு இருப்பதைப் பார்க்கலாம். தோள் நரம்பு, வளரப் போகிற உயரம், சாப்பாட்டுக் கட்டுப்பாடு, அவனை நம்பி நாற்பது நிமிஷம் விடப் போகிற கோச் எல்லாமே டிராஃப்ட்டுக்குப் பிறகு நடப்பவை.

ராணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கவாய் லெனர்ட், 2011, பதினைந்தாவது பிக், இண்டியானா எடுத்து ஜார்ஜ் ஹில்லுக்காக சான் அன்டோனியோவுக்குக் கொடுத்தது. காலேஜில் அவருக்கு வெளியிலிருந்து ஷாட் சுமார்தான். சான் அன்டோனியோ அணியான ஸ்பர்ஸில் சிப் எங்கலண்ட் என்ற ஷூட்டிங் கோச் இருந்தார். பந்தைத் தலைக்குப் பின்னாலிருந்து விடுவதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். மூன்றே வருஷத்தில் ஃபைனல்ஸ் எம்விபி. ஸ்பர்ஸ் அந்த டிராஃப்ட்டில் நல்ல ஆளை எடுத்தது என்பது பாதி உண்மை. எடுத்த ஆளை நல்ல ஆளாக்கியது என்பது மீதி.

லேட்நைட் லேக்கர்:

அப்போ ஸ்பர்ஸ் எடுத்த எல்லாரும் கவாய் ஆகணுமே தல? ஆகலையே. அவங்க எடுத்து காணாமப் போனவங்க லிஸ்ட்டும் நீளம்தான். கவாய் கை சைஸைப் பார்த்திருக்கீங்களா? அது எங்கலண்ட் கொடுத்ததா?

ரீபவுண்ட் ராணி:

நியாயமான கேள்வி. கை அம்மா அப்பா கொடுத்தது. இடம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் சொன்னால் அது தப்பு. லெப்ரானை நிலாவில் விட்டாலும் ஆடுவார். ஆனால் அப்படிப்பட்ட ஆள் பத்து வருஷத்துக்கு ஒருத்தர் வருகிறார். மீதி வருஷங்களில் ரெண்டாவது பிக்குக்கும் பதினைந்தாவது பிக்குக்கும் நடுவில் இருப்பவர்கள் கிட்டத்தட்ட ஒரே தரம். அங்கேதான் இடமும் கோச்சும் நேரமும் வேலை செய்கின்றன. விகின்ஸ் நம்பர் ஒன்னாக வந்து மினசோட்டாவில் வருஷக்கணக்கில் "ஏமாற்றம்" என்று பெயர் வாங்கினார். கோல்டன் ஸ்டேட்டுக்கு வந்து, நீ எதிரணியின் பெரிய ஆளைப் பிடி, ஓடு, மீதியைக் கரி பார்த்துக்கொள்வார் என்றார்கள். 2022-ல் சாம்பியன். அதே கால், அதே கை.

பெஞ்சுக் குமார்:

கரி என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். 2009-ல் ஐந்தாவது, ஆறாவது ரெண்டு பிக்கும் மினசோட்டா கையில். ரெண்டிலும் ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு எடுத்தார்கள்: ரூபியோ, ஜானி ஃபிளின். அடுத்த ஏழாவது பிக் பாயிண்ட் கார்டுதான், ஸ்டெஃப் கரி. ரூபியோ வந்து சேரவே 2011 ஆனது. எட்டாவது பிக்கோடு காத்திருந்த நியூயார்க்குக்கு கரி மேல்தான் ஆசை. டிராஃப்ட் நடந்ததே அவர்கள் ஊர் மாடிசன் ஸ்கொயர் கார்டனில். கூட்டம் எப்படிக் கத்தியது என்று பழைய வீடியோ பாருங்கள்.

இன்னொன்று, நம்ம ஆள் என்பதால். 2015-ல் டல்லஸ் 52-வது பிக்கில் சத்னாம் சிங்கை எடுத்தது. பஞ்சாபில் பல்லோ கே கிராமம், ஏழடி ரெண்டு அங்குலம். இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்ட்டில் பெயர் வந்த முதல் ஆள். என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, பிறகு மல்யுத்தப் பக்கம் போய்விட்டார். 52-வது பிக்கில் உயரத்தைப் பார்த்து எடுத்தால் தப்பில்லை என்பது என் கட்சி.

கணக்குப்புள்ள:

சரி, இவ்வளவு பேசியாகிவிட்டது. தெரியாது என்று ஒத்துக்கொண்ட அணி என்ன செய்யும் என்பதற்கும் ஓக்லஹோமாவே உதாரணம்.

2022 டிராஃப்ட் இரவு. பதினோராவது பிக் நியூயார்க்குடையது. அதை வாங்க ஓக்லஹோமா ஜெனரல் மேனேஜர் சாம் பிரெஸ்டி மூன்று முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்தார். வந்தது உஸ்மான் ஜெங், பிரான்ஸ் பையன். அடுத்த பன்னிரண்டாவது பிக் ஏற்கெனவே ஓக்லஹோமா கையில், பால் ஜார்ஜ் என்ற ஆட்டக்காரரைக் கொடுத்த ட்ரேடில் கிளிப்பர்ஸ் அணியிடமிருந்து வந்தது. அதில் எடுத்தது சாண்டா கிளாரா என்ற சின்னக் காலேஜின் ஜேலன் வில்லியம்ஸ். மூன்று பிக் விலை கொடுத்து வாங்கிய ஆள் 2025-ல் பெஞ்சில். விலையே கொடுக்காமல் அடுத்த நிமிஷம் எடுத்த ஆள் ஃபைனல்ஸ் ஐந்தாவது ஆட்டத்தில் 40 பாயிண்ட்.

லீக்கிலேயே கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவருக்கே பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் 2019-ல் அந்த ஒரே ட்ரேடில் ஷேயோடு ஐந்து முதல் சுற்று பிக்குகளையும் வாங்கி வைத்தார். அணிக்கு வந்த பொகுசெவ்ஸ்கி சரிவரவில்லையா, விட்டுவிடு. கிடி பொருந்தவில்லையா, கொடுத்துவிட்டு கருசோவை வாங்கு. கருசோவையும் எந்த அணியும் டிராஃப்ட்டில் எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் குவார்ட்டர்:

இதுதான் நான் தேடிய பதில் கணக்கு. ஆனால் இதில் ஒரு கொடுமை இருக்கிறது. பிரெஸ்டிக்குப் பத்துச் சீட்டில் மூன்று விழுந்தால் போதும். ஜெங்குக்கு ஒரே ஒரு சீட்டுதான், அது அவருடைய வாழ்க்கை. நாம் "பஸ்ட்" (தேறாத ஆள்) என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

லேட்நைட் லேக்கர்:

டார்கோ இப்போ செர்பியால ஆப்பிள் தோட்டம் போட்டு விவசாயம் பண்றார் தல, சந்தோஷமாத்தான் இருக்கார் போல. ரொம்ப ஃபீல் பண்ணாதீங்க.

போஸ்ட்அப் பாண்டி:

சரி மக்களே, தீர்ப்பு சொல்லுங்க. ஃபிளாக் தேறுவாரா மாட்டாரா? பின்னாடி கலாய்க்க எனக்குப் பதிவு வேணும்.

ரீபவுண்ட் ராணி:

ஃபிளாக் தேறுவார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் பார்க்கப் போவது ரெண்டாவதாக சான் அன்டோனியோ போன டிலன் ஹார்ப்பரையும், ஐந்தாவதாக யூட்டா போன ஏஸ் பெய்லியையும். ஹார்ப்பர் போன இடத்தில் ஏற்கெனவே கார்டுகள் நிறைய, ஆட நிமிஷம் குறைவு, ஆனால் பக்கத்தில் வெம்பன்யாமா மாதிரி ஒரு நட்சத்திரம். பெய்லி போன இடத்தில் நிமிஷம் கொட்டிக் கிடக்கிறது, தோற்றாலும் கேட்க ஆள் இல்லை. எது ஒரு பையனை வளர்க்கும் என்று மூன்று வருஷம் கழித்துச் சண்டை போடலாம்.

கணக்குப்புள்ள:

தனி ஆளைப் பற்றி நான் ஆருடம் சொல்வதில்லை.

லேட்நைட் லேக்கர்:

எங்க அணி 2024-ல 55-வது பிக்ல லெப்ரான் மகன் பிரானியை எடுத்துச்சே, அதைப் பத்தி யாரும் ஒண்ணுமே சொல்லலையே?

போஸ்ட்அப் பாண்டி:

அப்பா யாருன்னு பார்த்து எடுத்தா அதுக்குப் பேரு டிராஃப்ட் இல்ல தம்பி, வாரிசு அரசியல்.

கணக்குப்புள்ள:

கிண்டல் இருக்கட்டும். 55-வது இடத்தில் எடுக்கப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் லீக்கில் நிலைப்பதே இல்லை. லேக்கர்ஸ் அதில் பெரிதாக எதையும் இழக்கவில்லை.

லேட்நைட் லேக்கர்:

கணக்கு அண்ணே, இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கறேன்.